நான் விடாத துளிகள்

எனக்குக் குளுக்கோமா இருப்பது தெரியவந்து ஐந்து வருடம். அதில் நாலு வருடம் கண் டொக்டருக்குப் பொய் சொன்னேன். "துளி ஒழுங்காய் விடுறீங்களோ?" என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் கேட்பார். "ஓம்" என்பேன். அவ்வளவுதான் பொய். அது என்னை எங்கே கொண்டுபோகப் பார்த்தது, பிறகு என்ன நடந்தது என்பதை, இடது கண் தெளிந்து நானே பேனை பிடிக்கக்கூடிய இந்த நேரத்தில் எழுதிவைக்கிறேன். இதே வருத்தம் உள்ள யாருக்காவது உதவும்.

என் வேலையையும் சொல்லிவிட வேண்டும். நான் மருந்தாளர். வலிகாமத்தில் ஒரு சிறிய அரச வைத்தியசாலையில் மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருடமாக நிற்கிறேன். பிரஷர் குளிசை, சீனி வருத்தக் குளிசை, கண்ணுக்கு விடும் துளி எல்லாம் என் கையால்தான் போகும். மருந்தைத் தவறவிட்டு வருகிறவர்களை ஏசியும் இருக்கிறேன். பிறந்தது வல்வெட்டித்துறை. கலியாணம் செய்து திருநெல்வேலியில் இருக்கிறேன். கணவர் தபாற்கந்தோரில் வேலை செய்கிறார். ஒரே மகள் கொழும்பில்.

வாசிக்கிற கண்ணாடி மாற்றப் போன இடத்தில்தான் நோய் பிடிபட்டது. கண்ணுக்குள் அழுத்தம் கூடவாக இருக்கிறது, கிளினிக்குக்குப் போங்கள் என்று ஒரு துண்டு எழுதித் தந்தார்கள். இந்த அழுத்தம் என்பது இரத்த அழுத்தம் அல்ல. கண்ணுக்குள் எப்போதும் ஒரு நீர் ஊறிக்கொண்டிருக்கும். கண்ணீர் வேறு, இது வேறு. கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடிப் படலமும் உள்ளே இருக்கும் கறுப்பு வளையமும் சேரும் மூலையில் வடி போல ஒரு வலை இருக்கிறது. நீர் அந்த வலையைத் தாண்டி, வட்டமாக ஓடும் ஒரு மெல்லிய குழாய்க்குள் இறங்கி, இரத்தத்தோடு கலந்துவிடும். அந்த மூலை ஒடுங்கி மூடிக்கொண்டால் ஒரு வகை நோய். மூலை திறந்தே இருக்க, வலை மட்டும் அடைபட்டால் அது திறந்த கோணக் குளுக்கோமா. எனக்கு இரண்டாவது. நீர் வடிவது குறையக் குறைய உள்ளே அழுத்தம் ஏறி, பின்னாலுள்ள பார்வை நரம்பை நார் நாராகச் சாகடிக்கும். நோவு இல்லை. நேரே பார்ப்பது கனகாலம் நன்றாகவே தெரியும். ஓரங்களில்தான் முதலில் போகும். போனது திரும்பாது.

இருபத்தொன்றுக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் எனக்கு முதல் நாள் இருபத்தெட்டு. இரவில் ஒரு துளி, காலையும் மாலையும் இன்னொரு துளி என்று எழுதித் தந்தார்கள். இரண்டு மாதம் ஒழுங்காக விட்டேன். எரிந்தது. கண் சிவந்தது. கண்ணின் கீழ்த்தோல் கறுத்தது. மருந்து வாங்க வருகிறவர்கள் யன்னலுக்குள் குனிந்து பார்த்து, "என்ன மிஸ், அழுதனீங்களோ?" என்று கேட்பார்கள். ஒருத்தி குரலைத் தணித்து, "வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?" என்றாள். ஒரு கலியாண வீட்டுக்காக இரண்டு நாள் விடாமல் இருந்தேன். கண் வெளுத்தது. பார்வையில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு நாள் ஒரு கிழமை ஆனது, கிழமை மாதமானது.

கிளினிக் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது மட்டும் விடத் தொடங்குவேன். அந்தத் துளி இரண்டு மூன்று நாளிலேயே வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியும். தொழில் தெரிந்த களவு. டொக்டர் அளந்து பார்த்தால் பதினைந்து, பதினாறு. "நல்லாய் இருக்கு" என்பார். போத்தல் முடியாமல் இருந்தால் கணவர் கேட்பாரே என்று, மாத முடிவில் மிச்சத்தைக் குளியலறைத் தொட்டியில் பிழிந்து ஊற்றினேன். மருந்துத் தட்டுப்பாடு வந்து, துளி இல்லை என்று சனத்தை யன்னலில் இருந்தே திருப்பி அனுப்பிய மாதங்களிலும் அப்படித்தான் செய்தேன். இதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை.

போன வருடம் ஒரு காலை, வேலைக்குப் போகிற வழியில், திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் ஸ்கூட்டியோடு விழுந்தேன். கத்தரிக்காய் ஏற்றிய ஒரு தாழ்ந்த தள்ளுவண்டிலில் நேரே மோதியிருந்தேன். கத்தரிக்காய் ரோட்டெல்லாம் உருண்டது. வண்டில்காரர் என்னைத் தூக்கி நிறுத்தினார். முழங்கை உரசுப்பட்டது தவிர ஒன்றுமில்லை. அவர் கோபப்படவில்லை. விளங்காதவர் போல என்னையும் வண்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, வண்டில் ஓடேல்லையே. விடிஞ்சதிலை இருந்து இதிலைதான் நிக்குது. காணேல்லையோ?"

காணவில்லை. அதுதான் உண்மை. ரோட்டைப் பார்த்தேன், பஸ்ஸைப் பார்த்தேன், எதிரே வந்த பல்கலைக்கழகப் பிள்ளைகளைப் பார்த்தேன். கீழே நின்ற வண்டில் என் உலகத்தில் இருக்கவில்லை.

அடுத்த கிளினிக்கில் எல்லாப் பரிசோதனையும் திரும்பச் செய்தார்கள். அதில் முக்கியமானது பார்வைப் புலப் பரிசோதனை. இருட்டு அறையில், வெள்ளைக் கோப்பை போன்ற ஒரு மெசினுக்குள் முகத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரங்களில் சின்னச் சின்ன வெளிச்சம் மின்னும். தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். மங்கலான வெளிச்சங்களையும் வேண்டுமென்றே காட்டுவார்கள், அதனால் நல்ல கண்ணுக்கும் கொஞ்சம் தவறும் என்று மெசினை இயக்கிய பிள்ளை சொன்னாள். பிறகு நரம்பின் தடிப்பை அளக்கும் படம். கடைசியாக, மரக்கச் செய்த கண்ணின் மேலேயே கண்ணாடி பதித்த ஒரு வில்லையை வைத்து, வலை இருக்கும் மூலையை டொக்டர் பார்த்தார். மூலை திறந்துதான் இருந்தது.

எங்கள் டொக்டருக்கு நாற்பது வயதிருக்கும். வேகமாகக் கதைக்கிற பெண். அன்றைக்கு வேகமில்லை. இரண்டு புலப் படங்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையதில் இடது கண்ணின் கீழ்ப்பாதியில் ஒரு சாம்பல் திட்டு. புதியதில் அது கறுத்து வில்லாக வளைந்திருந்தது. வலது கண்ணிலும் ஒரு நிழல் தொடங்கியிருந்தது.

"எனக்கு விளங்கேல்லை, வசந்தி அக்கா" என்றார். "ஒவ்வொரு முறையும் அழுத்தம் பதினைஞ்சு. ஆனா நரம்பு போய்க்கொண்டிருக்கு. அப்பிடியெண்டால் உங்கடை நரம்புக்குப் பதினைஞ்சும் கூட. பத்துக்குக் கிட்டக் கொண்டுபோகவேணும். அதுக்கு இப்ப புதிசாய் வந்திருக்கிற சின்ன ஒப்பரேசன்கள் காணாது. பெரிசுதான் செய்யவேணும்."

பெரிது என்றது ட்ரபெக்குலெக்டமி என்கிற பழைய சத்திரசிகிச்சை. கண்ணின் வெள்ளையில் ஒரு சின்னக் கதவு வெட்டி, நீர் வெளியே வந்து மேல் இமைக்குக் கீழே தோலுக்கடியில் தேங்கி உறிஞ்சப்பட வழி செய்வார்கள். அழுத்தத்தை நன்றாக இறக்கும். ஆனால் கிழமைக் கணக்கில் அடிக்கடி போய்க் காட்டி, தையலைத் தளர்த்தி, தழும்பு மூடாமல் பார்க்க வேண்டும். சிலருக்கு அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கிவிடும். அந்தக் கொப்புளத்தில் கிருமி பிடித்தால் கண்ணுக்கே ஆபத்து, அது எத்தனை வருடம் போனாலும் வரலாம். டொக்டர் ஒன்றையும் மறைக்கவில்லை. மூன்று கிழமையில் தேதி தந்தார். உடன்பிறந்தவர்களையும் கட்டாயம் காட்டச் சொல்லுங்கள், இது குடும்பத்தில் ஓடுகிற நோய் என்றார். எனக்கு இருப்பது ஒரு அண்ணை. வல்வெட்டித்துறையில் சொந்த வள்ளம் வைத்திருப்பவர். போனில் சொன்னேன். "எனக்குக் கண்ணிலை ஒரு குறையும் இல்லை, பிள்ளை. நீ உன்ரை அலுவலைப் பார்" என்று வைத்துவிட்டார்.

ஒப்பரேசனுக்கு முந்திய கிளினிக்கில் இரத்தப் பரிசோதனைத் துண்டோடு, ஆட்கள் வரிசையாக இருக்கும் நீள வாங்கில் இருந்தேன். பக்கத்தில் வந்து இருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், தோட்டம் கொத்துகிற கமக்காரர் என்று கையைப் பார்த்தால் தெரியும்.

"மிஸ், என்னைத் தெரியேல்லையோ? செல்வரத்தினம். முந்தி உங்களிட்டைத்தான் மருந்து எடுத்தனான். இப்ப மகளோடை கொடிகாமத்திலை."

தெரியவில்லை என்று சொல்ல மனமில்லாமல் தலையாட்டினேன். இந்தப் பொய்யும் லேசாகவே வந்தது.

"ஒருக்கால் துளி முடிஞ்சு இருபது நாள் கழிச்சு வந்தனான். நீங்கள் நல்லாய் ஏசினனீங்கள். கண் போனால் மிளகாய்க் கண்டுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல் தடவிக்கொண்டு இருப்பீங்களோ எண்டு கேட்டனீங்கள். அண்டைக்குப் பிறகு ஒரு நாளும் தவறவிடேல்லை, மிஸ். செத்த வீட்டிலையும் பொக்கற்றிலை வைச்சிருந்து விட்டனான்."

அவருக்கு ஒரு கண்ணில் பெரிய ஒப்பரேசன் செய்தாயிற்று. மேல் இமையைத் தூக்கிக் காட்டினார். வெள்ளையில் ஒரு சின்ன நீர்க்கொப்புளம். "இது இருக்கிறபடியால் வாய்க்காலிலை முகம் கழுவுறதை விட்டிட்டன். மண்வெட்டி பிடிக்கிற நாளிலை கண்ணாடி போட்டுத்தான். துளியாலை ஆன மட்டும் பாத்தினம், எனக்கு இறங்கேல்லை. அதுக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது. நான் செய்யிறதைச் செய்தனான்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பிறகு எனக்கு அவர் சொன்னது காதில் விழவில்லை. இவர் செய்ய வேண்டியதெல்லாம் செய்து, அதற்குப் பிறகும் முடியாமல் அந்தக் கொப்புளத்தோடு இருக்கிறார். நான் ஒன்றும் செய்யாமல், செய்ததாகச் சொல்லி, அதையே வாங்கப் போகிறேன்.

என் இலக்கம் கூப்பிட்டார்கள். உள்ளே போய்க் கதிரையில் இருந்தேன்.

"டொக்டர், ஒரு விசயம் சொல்லவேணும். நான் துளி விடுறேல்லை."

"எப்ப நிப்பாட்டினனீங்கள்?"

"நாலு வருஷம். கிளினிக்குக்கு வர மூண்டு நாளைக்கு முந்தித் தொடங்குவன். நீங்கள் கண்ட பதினைஞ்சு அந்த மூண்டு நாள்தான்."

அவர் பேனையை மூடி வைத்தார். பக்கத்தில் நின்ற நேர்ஸ் ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போகத் தேவையிருந்திருக்காது.

"நீங்கள் பாமசிஸ்ட் எல்லே."

"ஓம்."

ஏசுவார் என்று பார்த்தேன். ஏசவில்லை. முதல் நாள் பக்கத்தைத் தேடி எடுத்து, "இருபத்தெட்டு" என்று வாசித்தார். "மாதத்திலை முக்கால்வாசி நாள் இப்பிடித்தான் இருந்திருக்கு. நரம்பு ஏன் போனது எண்டு இப்ப விளங்குது." பிறகு, "நான் உங்களுக்குத் தேவையில்லாத ஓட்டையொண்டு போட இருந்தனான், அக்கா" என்றார். அவருடைய குரலில் கோபத்தைவிடப் பயம் இருந்தது. எனக்கு அழுகை வந்தது அந்த இடத்தில்தான்.

ஏன் விடவில்லை என்று கேட்டார். சிவப்பு, எரிச்சல், யன்னலில் கேட்கும் கேள்விகள் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது எவ்வளவு சின்னக் காரணங்கள் என்று பட்டது. அவருக்கு அப்படிப் படவில்லை. "முதலே சொல்லியிருந்தால் துளியை மாத்தியிருப்பம். லேசர் அடிச்சிருப்பம். வலையிலை லேசர் பட்டால் நீர் கொஞ்சம் கூட வடியும். இடது கண்ணுக்கு இப்ப அது மட்டும் காணாது. வலதுக்குச் செய்வம்." பெரிய ஒப்பரேசன் தேதியை ஒரு கோட்டால் வெட்டினார். இரத்தப் பரிசோதனைத் துண்டின் பின்பக்கத்தைத் திருப்பி ஒரு கண்ணின் படத்தைக் கீறினார்.

சின்ன ஒப்பரேசன்கள் என்று அவர் சொன்னவை எல்லாம் மிகச் சிறிய வெட்டுக்குள்ளால் போய், கண்ணை அதிகம் குழப்பாமல் செய்பவை. ஒன்று, அரிசியின் முனையைவிடச் சிறிய ஒரு உலோகக் குழாயை வலைக்குள் குத்தி வைப்பது. அடைபட்ட இடத்தைத் தாண்டி நீர் போகும். மிகப் பத்திரமானது, ஆனால் மெல்லத்தான் இறக்கும். வழக்கமாகக் கண்புரை எடுக்கும்போது சேர்த்து வைப்பார்கள். எனக்குப் புரை இன்னும் எடுக்கும் அளவில் இல்லை. அதோடு அந்தக் குழாயை வெளியிலிருந்து எடுப்பிக்க வேண்டும், விலையும் கூட.

இரண்டாவது, வலையையே திறந்துவிடுவது. வட்டக் குழாய்க்குள் மெல்லிய நூலொன்றை விட்டு, கண்ணைச் சுற்றி ஒரு வட்டம் வரச் செய்து, இழுத்தால் வலை முழு வட்டத்துக்கும் கிழியும். கண்ணுக்குள் ஒரு பொருளும் மிஞ்சாது. வெள்ளைத் தோலும் தொடப்படாது, அதனால் பின்னால் பெரிய ஒப்பரேசன் தேவைப்பட்டால் அந்த இடம் பழுதாகாமல் இருக்கும். குறை என்னவென்றால் இரத்தம் கசியும். கொஞ்ச நாள் பார்வை கலங்கும். சிலருக்கு நடுவில் அழுத்தம் ஏறியும் இறங்கும்.

மூன்றாவது, ஜெல் போன்ற மென்மையான ஒரு குழாயை உள்ளிருந்து வெள்ளைத் தோலுக்கடிக்குக் கொண்டுவருவது. நூல் முறையைவிடக் கூட இறக்கக்கூடும். ஆனால் அதற்கும் கொப்புளம் உண்டு. தழும்பு மூடினால் ஊசியால் குத்தி விட வேண்டிவரும்.

"உங்களுக்கு எது நல்லம் எண்டு நான் நினைக்கிறதைச் சொல்லட்டோ?" என்றார். "துளி உங்கடை கண்ணிலை வேலை செய்யுது. பதினைஞ்சுக்கு இறக்குது. அப்ப பத்து தேவையில்லை, பதினைஞ்சு ஒவ்வொரு நாளும் நிண்டால் காணும். நூல் முறை அதுக்குச் சரிவரும். ஆனா அதுக்குப் பிறகும் ஒரு துளி தேவைப்படலாம். அதை விடுவீங்களோ?"

"விடுவன்."

"இப்ப ஓம் எண்டு சொல்லவேண்டாம். வீட்டை போய் யோசிச்சுச் சொல்லுங்கோ."

வீட்டில் கணவரிடம் சொல்வது டொக்டரிடம் சொன்னதைவிடக் கடினமாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டார். தொட்டியில் ஊற்றியதைச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்தார்.

"தட்டுப்பாட்டு நேரத்திலையுமோ?"

"ஓம்."

"நான் அந்தத் துளிக்காக யாழ்ப்பாணத்திலை ஆறு கடை ஏறி இறங்கினனான். தெரியுமோ உமக்கு?"

தெரியும். வெயிலில் போய் வந்து, போத்தலைக் கைக்குட்டையில் சுற்றித் தந்தவர். அன்றைக்கும் அடுத்த நாளும் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, கண்ணாடிக்கு முன்னால் தலையை அண்ணாந்து நின்றார். வெறும் கண்ணீர்த் துளி மருந்தொன்றை வாங்கிவந்து தன் கண்ணிலேயே விட்டுப் பழகிக்கொண்டிருந்தார். பாதி கன்னத்தில் வழிந்தது. "இனி நான்தான் விடுவன். உம்மை நம்பேலாது" என்றார். அதுதான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

நூல் முறைக்கே சம்மதம் சொல்லித் தேதி எடுத்தேன். ஒப்பரேசனுக்கு முதல் நாளே வைத்தியசாலை விடுதியில் அனுமதித்து மறிப்பார்கள். பெண்கள் விடுதி, எட்டுக் கட்டில். ஏழு பேருக்குப் புரை. எனக்கு என்ன என்று கேட்டவர்களுக்கு விளக்கிக் களைத்து, எனக்கும் அதுபோல என்றேன். பிறகு மனம் கேளாமல் திரும்பவும் விளக்கினேன். மத்தியானம் கணவர் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார். பார்வையாளர் நேரம் முடிந்து நேர்ஸ் மணியடித்த பிறகும் வாசலில் நின்று, நான் சாப்பிட்டு முடித்த பெட்டியை வாங்கிக்கொண்டுதான் போனார்.

ஒப்பரேசனுக்கு மயக்கவில்லை. கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரக்கச் செய்தார்கள். முகத்தை மூடி, ஒரு கண்ணுக்கு மட்டும் துவாரம். தலையை ஒரு பக்கம் திருப்பச் சொன்னார்கள். ஊசி நொந்தது. பிறகு நோவில்லை. யாரோ கண்ணுக்குள் விரலால் தள்ளுவது போன்ற அமத்தல் மட்டும். பெரிய வெளிச்சத்துக்குள் நிழல்கள் நீந்தின. "நூல் போகுது... அரைவாசி... அசையாதேங்கோ அக்கா... சுத்தி வந்திட்டுது" என்று டொக்டர் சொல்லிக்கொண்டே செய்தார். அவருக்காகச் சொன்னாரா எனக்காகவா தெரியாது, நல்லதாக இருந்தது. அரை மணித்தியாலத்துக்குள் முடிந்தது.

அடுத்த நாள் காலை கட்டை அவிழ்த்தபோது எனக்கு உலகம் தேயிலைச் சாயம் போல இருந்தது. நேர்ஸின் கை அசைந்தது தெரிந்தது, விரல்களை எண்ண முடியவில்லை. வருமென்று சொன்ன இரத்தம்தான். தலையை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொன்னார்கள், இரத்தம் கீழே படியட்டும் என்று. இரண்டாம் நாள் அழுத்தம் முப்பத்துநாலுக்கு ஏறியது. நெற்றி இடித்தது, குடித்த தேத்தண்ணியும் சத்தியாய் வெளியே வந்தது. குளிசை தந்தார்கள். அந்தக் குளிசையை நான் எத்தனையோ பேருக்கு எண்ணிக் கொடுத்திருக்கிறேன். அதைப் போட்டால் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வது போல இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் உடம்பால் அறிந்தேன்.

அன்றைக்குப் பின்னேரம் அண்ணை வந்தார். வல்வெட்டித்துறையிலிருந்து இரண்டு பஸ் ஏறி, ஒரு பையில் தோடம்பழம். விடுதி வாசலில் இரண்டு படி இறங்க வேண்டும். நான் கட்டிலில் சாய்ந்தபடி ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணை படிக்கு வந்ததும் நின்றார். கையால் சுவரைப் பிடித்து, வலது காலை முன்னே நீட்டி, செருப்பு நுனியால் படியின் விளிம்பைத் தேடினார். கண்டுபிடித்துத்தான் இறங்கினார். அடுத்த படிக்கும் அப்படியே. கடலில் ஆடுகிற வள்ளத்தில் பிடிமானமின்றி நடந்த மனிதர்.

"முழங்கால் நோ" என்றார், நான் பார்ப்பதைக் கண்டு. இரண்டு வருடமாகத் தொழிலுக்குப் போகாததற்கும் வீட்டில் அதைத்தான் சொல்லியிருந்தார்.

"அண்ணை, நானும் உப்பிடித்தான் படி தேடினனான்" என்றேன். "கத்தரிக்காய் வண்டிலிலை மோதும் மட்டும் எனக்கும் கண்ணிலை ஒரு குறையும் இல்லை."

அவர் தோடம்பழத்தை உரிக்கத் தொடங்கினார். துளி விடாமல் விட்ட கதையை முழுக்கச் சொன்னேன். எங்கள் வீட்டில் ஒழுங்குக்குப் பேர்போனவள் நான். நீயுமோ என்பது போல அண்ணை நிமிர்ந்து பார்த்தார். உரித்த சுளைகளை என் கையில் வைத்துவிட்டு, "நீ முதலிலை சுகமாகி வா" என்றார். போகும்போது, "எந்த நாள் கிளினிக்?" என்று கேட்டார்.

நாலாம் நாள் அழுத்தம் இறங்கி வீட்டுக்கு விட்டார்கள். நாலு தலையணை அடுக்கிப் படுத்தேன். கணவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துத் துளி விட்டார். ஒரு துளியும் கன்னத்தில் வழியவில்லை. ஒவ்வொரு நாளும் சாயம் மேலிருந்து கீழே தெளிந்துகொண்டு வந்தது. பத்தாம் நாள் எதிர் வீட்டுக் கேற்றின் கம்பிகளை எண்ணினேன்.

இப்போது ஐந்து மாதம். இடது கண்ணில் இரவு ஒரு துளியோடு அழுத்தம் பதினாலு. எரிச்சல் குறைந்த வேறு துளி மாற்றித் தந்தார்கள். வலது கண்ணுக்கு லேசர் செய்தாயிற்று. போன பார்வை போனதுதான். கீழே ஒரு வில் அளவு உலகம் எனக்கு இல்லை. ஸ்கூட்டி ஓட வேண்டாம் என்றுவிட்டார் டொக்டர். பலாலி ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். படியிறங்கும்போது தலையைக் குனிந்து பார்த்துக் கால் வைக்கப் பழகியிருக்கிறேன். நூல் முறை எத்தனை வருடம் நிற்கும் என்று டொக்டரும் உறுதி சொல்லவில்லை. தேவைப்பட்டால் பெரியது பின்னுக்கு இருக்கிறது.

போன மாதம் அண்ணையைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். இருட்டறைக்குள் அவரை விட்டுவிட்டு வெளியே வாங்கில் இருந்தேன். கனநேரம் எடுத்தது. வெளியே வந்து கண்ணைக் கசக்கினார்.

"மெசினிலை ஏதோ பிழை போல, பிள்ளை. இடைக்கிடைதான் வெளிச்சம் வந்தது. சும்மா பொத்தானைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்."

நல்ல கண்ணுக்கும் கொஞ்சம் தவறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படம் வந்தது. இரண்டு கண்ணிலும் நடுவில் ஒரு சின்ன வெள்ளை வட்டம். மற்றதெல்லாம் கறுப்பு.

டொக்டர் முன்னால் அண்ணை நிமிர்ந்து இருந்தார். "தங்கச்சிக்குச் செய்த சின்ன ஒப்பரேசனையே எனக்கும் செய்துவிடுங்கோவன். நூல் போடுறது."

"அது உங்களுக்குக் காணாது, ஐயா. அவவுக்குக் கனக்க மிச்சம் இருந்தது. உங்களுக்குக் கொஞ்சம்தான் இருக்கு. அதை வைச்சிருக்க வேணுமெண்டால் நல்லாய் இறக்கவேணும். பெரிசுதான். வலது கண்ணுக்கு முதலிலை. அதுவரைக்கும் இண்டையிலிருந்து துளி."

நான் தப்பிய அதே ஒப்பரேசன். எனக்குப் பிழையாக இருந்தது அவருக்குச் சரி. செல்வரத்தினத்தின் கொப்புளத்தை அண்ணைக்கு விபரித்தேன். உப்புத்தண்ணியில் முகம் கழுவ ஏலாது என்றேன். மருந்து எடுத்துக்கொண்டு வந்து வாங்கில் இருந்தோம். அவர் என் பக்கம் குனிந்தார். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு விடியக்காலமை, கரைக்கு வரேக்கை, கடலுக்குள்ளை கிடக்கிற கற்பாருக்கு மேலை வள்ளத்தை ஏத்தியிருப்பன். கல்லு கிட்ட வரும் மட்டும் காணேல்லை. முன்னுக்கு நிண்டவன் கத்தித்தான் திருப்பினது. வள்ளத்திலை நாலு பேர். அண்டையோடை விட்டிட்டன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"இப்ப எனக்குச் சொல்லிப்போட்டியள்" என்றேன்.

பையிலிருந்து துளிப் போத்தலை எடுத்து மூடியைத் திறந்தேன். வீட்டுக்குப் போகும்வரை பொறுக்க எனக்கு மனமில்லை. தலையை அண்ணாந்து சுவரில் சாயச் சொல்லி, கீழ் இமையை விரலால் இழுத்தேன். அவர் மேலே பார்த்தபடி கேட்டார்.

"எரியுமோ?"

"ஓம், அண்ணை. எரியும். சிவக்கும். நாளைக்கும் விடவேணும்."

"விடு" என்றார்.